பட்டியலில் இல்லாத களைக்கொத்து

சென்னை, கோவை, மதுரை, பெங்களூரு என ஊர்தோறும் மலையேற்றக் குழு நடத்தும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

பயணத்துக்குச் சில வாரம் முன்னால் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பொருள் பட்டியலை வரி விடாமல் படிப்பவள் நான். கேதார்கந்தாவோ, ஹம்ப்டா கணவாயோ, பக்கத்தில் குமார பர்வதமோ, எதுவானாலும் பட்டியல் அக்கறையோடுதான் இருக்கிறது. கணுக்காலைத் தாங்கும் ஷூ, மூன்று அடுக்கு உடை, தலையில் மாட்டும் டார்ச், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். குளிர் ஜாக்கெட் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்பதுவரை எழுதுகிறீர்கள். காலையில் எழுந்ததும் அத்தனை பேரும் செய்தாக வேண்டிய காரியத்துக்கு மட்டும் ‘டிஷ்யூ ரோல் 1, வெட் வைப்ஸ் 1’ என்று ஒற்றை வரி. அந்த வரியை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல்.

அந்த ஒற்றை வரியின் விளைவை எந்த முகாமிலும் பார்க்கலாம். கூடாரங்களுக்குப் பின்னால், மறைவு என்று தோன்றும் முதல் பாறையைச் சுற்றி நடந்து பாருங்கள். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்போமே, அந்த ரோடோடென்ட்ரான் புதர்கள் இமயத்தின் சரிவுகளில் அடர்ந்து நிற்கும். அவற்றின் அடியில் கசங்கிய வெள்ளைக் காகிதம், மேலே ஒரு கல், கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு காகிதம். கல்லைத் தூக்கி வைப்பதைப் புதைப்பதாகவே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதே சரிவின் கீழேதான் முகாமுக்குத் தண்ணீர் பிடிக்கும் ஓடை. மூன்றாம் நாள் யாருக்காவது வயிறு கலங்கினால் முட்டையைச் சொல்கிறோம், உயரத்தைச் சொல்கிறோம். ஓடைக்கு மேலே யார் ஒதுங்கினார்கள் என்று கேட்பதில்லை. ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகளின் கூடுகள் குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கிலும் உயிரோடு இருக்கும். பனி உருகி வரும் தண்ணீர் சுத்தம் என்ற நம் நம்பிக்கைக்கு இதில் இடமில்லை.

இதற்கு வேண்டிய கருவி என்ன, விலை எவ்வளவு என்ற பேச்சு வந்தாலே, அதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவது என்று ஒதுக்கிவிடுகிறோம். வெளிநாட்டில் நல்ல கருவிகள் இருப்பது உண்மைதான். அமெரிக்க நடையாளர்கள் பலர் வைத்திருக்கும் ஒரு அலுமினியக் கைக்கரண்டி வெறும் 17 கிராம் எடை, விலை இருபது டாலர் வாக்கில் வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடப்பவருக்கு அந்த எடைக் குறைப்பு பெரிய விஷயம். நான்கைந்து நாள் நடைக்கு, அதுவும் பாதிச் சுமையைக் குதிரையில் ஏற்றிவிடும் நமக்கு, அது தேவையே இல்லை. உழவுக் கருவிக் கடையில் ஒரு களைக்கொத்து வாங்குங்கள். மாடித்தோட்டம் வைத்திருக்கும் யார் வீட்டிலும் ஒன்று கிடக்கும். வடக்கே குர்ப்பி என்பார்கள். பயணம் தொடங்கும் மலைக் கிராமத்தின் மளிகைக் கடையிலேயே அது கிடைப்பதுண்டு. முனை பட்டையாக, கூராக, ஒரே இரும்பாக இருக்க வேண்டும். பிடி நீளமாக இருந்தால் பாதியாக அறுத்துக்கொள்ளலாம். முனைக்குப் பழைய ரப்பர் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி உறை மாட்டினால் பையைக் கிழிக்காது.

ஆன்லைனில் விற்கும் பிளாஸ்டிக் தோட்டக் கரண்டியை மட்டும் சிபாரிசு செய்யாதீர்கள். தொட்டி மண்ணுக்கு அது போதும். சரளைக்கல் கலந்த மலை மண்ணில் முனை வளையும், அழுத்தினால் பிடி முறியும். கூடார முளையில் பட்டையான வகை ஒன்று உண்டு, பனியில் ஊன்றுவதற்காகச் செய்தது; உங்கள் கிடங்கில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். தோண்டுவதற்கு நன்றாகவே இருக்கும், கைதான் கொஞ்சம் வலிக்கும், துணி சுற்றிக்கொண்டால் சரி. ஷூ குதிகாலும் நடைக்கோலின் முனையும் தோண்டும் கருவிகள் ஆகா. அவற்றால் மேலாகச் சுரண்டலாம், அவ்வளவுதான். நாலு விரற்கடை ஆழத்தோடு நின்றுபோகும் குழியை அன்று இரவே நரியோ நாயோ கிளறிவிடும்.

எவ்வளவு ஆழம் என்பதற்கு அளவுகோல் நம் கையிலேயே இருக்கிறது. 15 முதல் 20 சென்டிமீட்டர் என்கிறார்கள், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அகலம் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீரிலிருந்தும், பாதையிலிருந்தும், கூடாரங்களிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி. பெரியவர் நடையில் எழுபது எண்பது காலடி. தோண்டும்போது முதலில் புல்லும் வேருமாக இருக்கும் மேல்தோலைச் சதுரமாக நாலு பக்கமும் வெட்டி, கலையாமல் பெயர்த்து ஓரமாக வையுங்கள். இதற்குத்தான் கூரான இரும்பு. பிறகு கறுப்பு மண்ணைத் தோண்டிக் குழிக்கு மேட்டுப்பக்கம் குவியுங்கள். வேலை முடிந்ததும் பாதி மண்ணைத் தள்ளி, ஒரு குச்சியால் மண்ணும் கழிவும் கலக்கும்படி கிளறி, மீதி மண்ணையும் போட்டு, மேல்தோலை அதே இடத்தில் பொருத்தி மிதித்துவிட வேண்டும். கிளறிய குச்சி குழிக்குள்ளேயே போகட்டும். களைக்கொத்து கழிவைத் தொடவே கூடாது. அதன் வேலை மண்ணோடு மட்டும். இந்த ஒரு ஒழுங்கைப் பழக்கிவிட்டால் ஒரு கூடாரத்துக்கு ஒரு களைக்கொத்து போதும். மூன்று பேர் பகிர்ந்துகொள்ளலாம், ஆளுக்கு விழும் செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் குறைவு.

மிக ஆழமாகத் தோண்டுவதும் நல்லதல்ல. மக்க வைக்கும் நுண்ணுயிரிகள் நிறைந்திருப்பது மேல்மண்ணில்தான். கீழே போகப் போக மண் உயிரற்றுக் குளிர்ந்து கிடக்கும். அதே சமயம், புதைத்துவிட்டதாலேயே எல்லாம் தீர்ந்தது என்றும் உங்கள் ஆட்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவின் மொன்டானா மலைகளில் நடந்து 1980இல் வெளியான ஓர் ஆய்வில், மலத்தோடு புதைத்த சால்மொனெல்லா கிருமிகள் குளிர்காலம் முழுவதையும் தாண்டி ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தன. குழியின் ஆழத்தால் பெரிய வேறுபாடும் இல்லை. குளிர்ந்த மலையில் மண் மெதுவாகத்தான் வேலை செய்கிறது. அதனால்தான் அந்த எழுபது காலடியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆழத்தில் ஒரு விரல் குறைந்தாலும் பரவாயில்லை, தண்ணீரிலிருந்து தூரம் குறையவே கூடாது.

தோண்டவே கூடாத இடங்கள் உண்டு. நம் குழுக்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கேதார்கந்தாவுக்கு நாம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் போகிறோம். பனியில் குழி தோண்டி மூடினால் அன்றைக்குச் சுத்தமாகத் தெரியும். மார்ச், ஏப்ரலில் பனி உருகும்போது அத்தனையும் வெளியே வந்து, உருகிய நீரோடு சரிவில் இறங்கும். பனி ஆழம் குறைவாக இருந்தால் மரத்தடிக்குப் போய், பனியை விலக்கி, கீழே மண் தென்படுகிறதா என்று பாருங்கள். மண் இல்லாவிட்டால், பாறைச் சரிவாக இருந்தால், பனியாறாக இருந்தால் எடுத்துக்கொண்டு கீழே வர வேண்டியதுதான். கேட்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் உலகம் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. எவரெஸ்ட் அடிவாரத்தின் பசாங்லாமு உள்ளாட்சி, மலையேறுபவர்கள் தங்கள் மலத்தைப் பையில் போட்டு அடிவார முகாமுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2024இல் விதித்தது. கலிஃபோர்னியாவின் விட்னி மலையில் அது பல ஆண்டுகளாக நடைமுறை. யோசெமிட்டியில் செங்குத்துப் பாறைகளில் நாள்கணக்கில் ஏறுபவர்கள் இரண்டு பக்கமும் மூடி போட்ட பி.வி.சி. குழாயைச் சுமையோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள்.

அந்தக் குழாய் நமக்கும் நல்ல யோசனை. பிளம்பிங் கடையில் நாலு அங்குலக் குழாயில் ஒன்றரை அடி வெட்டச் சொல்லி, ஒரு பக்கம் மூடியை ஒட்டி, மறுபக்கம் திருகு மூடி போட்டால் மூன்று பேருக்கு இரண்டு நாள் தாங்கும். குழாய் வேண்டாம் என்றால் அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் ஊறுகாய் டப்பா. உள்ளே போடும் பொட்டலம் இப்படி: செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஒரு பிடி சாம்பல், காரியம் முடிந்ததும் மேலே இன்னொரு பிடி, மடித்து ஒரு ஜிப்லாக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, அதை இன்னொரு ஜிப்லாக் கவரில். வெளிக்கவர் முழுக்க அகலமான பழுப்பு நிறப் பேக்கிங் டேப்பைச் சுற்றிவிட்டால் உள்ளே என்ன என்றும் தெரியாது, கிழியவும் கிழியாது. காய்ந்த டீத்தூள் ஒரு கை போட்டால் வாடை கட்டுப்படும். வெளிநாட்டுப் பைகளில் இருக்கும் கட்டிப்படுத்தும் பொடிக்கு இது முழு மாற்று இல்லைதான், சில நாள் நடைக்குப் போதும்.

கீழே வந்ததும் இந்தப் பொட்டலத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில் எனக்கு மிகுந்த கவலை உண்டு. தெருக்குப்பைத் தொட்டியில் போட்டால் அதைக் கையால் பிரிக்கப்போவது ஒரு தூய்மைப் பணியாளர். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்த நாடு இது. நம் சுற்றுலாவுக்காக அந்த வேலையை மலை அடிவாரத்தில் புதிதாக உண்டாக்கக் கூடாது. ஏற்பாடு செய்யும் நிறுவனத்திடம் புறப்படுவதற்கு முன்பே கேளுங்கள்: அடிவார முகாமில் உலர் கழிவறைக் குழி இருக்கிறதா? இருந்தால் அவரவர் பொட்டலத்தை அவரவரே திறந்து, காகிதத்தோடு அதில் கொட்டி, மண் போட்டு மூட வேண்டும். பிளாஸ்டிக் கவர் மட்டும் தனியாக, இன்னொரு கவரில் கட்டித் திரும்பட்டும். கழிவறைக் கூடாரம் போடும் முகாம்களிலும் இதையே நினையுங்கள். அந்தக் குழியைத் தோண்டுவதும் கடைசி நாளில் மூடுவதும் பெரும்பாலும் சமையல்காரரோடு வரும் உள்ளூர்ப் பையன். குழிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் மண்ணை ஒவ்வொருவரும் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுவிட்டு வந்தால் அவனுடைய வேலை பாதியாகும். சில நிறுவனங்கள் மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்துகின்றன. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து போகும் குழுக்களுக்கு அது சொந்த ஊர்ச் சரக்கு. உலர்ந்த கட்டி ஒன்றைக் கொண்டுபோனால் உதிர்த்து நாள்கணக்கில் பயன்படுத்தலாம்.

இனி அந்த டிஷ்யூ, வெட் வைப்ஸ் வரி. தண்ணீரில் கழுவிப் பழகிய நாம் மலைக்குப் போனதும் ஏன் காகிதத்துக்கு மாற வேண்டும்? தண்ணீர் குளிரும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. வெட் வைப்ஸில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் இழை கலந்தவை, மக்கவே மக்காது. வெறும் காகிதமும் நாம் நினைக்கும் வேகத்தில் மக்குவதில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பலவகை நிலங்களில் காகிதத்தைப் புதைத்துப் பார்த்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், குளிரும் ஈரமும் மிகுந்த உயர்மலைப் பகுதிகளில் இரண்டு ஆண்டு கழித்தும் அது முழுதாக மறையவில்லை. காகிதம் எடுத்துப்போனால் காகிதமும் உங்களோடு திரும்பி வர வேண்டும். அதற்குத் தண்ணீரே மேல்.

ஒரு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியை எடுத்து, ஊக்கைச் சூடுகாட்டி நடுவிலிருந்து சற்றுத் தள்ளி மூன்று துளை போடுங்கள். பாட்டிலைக் கவிழ்த்து அழுத்தினால் நேராகப் பீய்ச்சும், கால் லிட்டரிலேயே கழுவி முடியும். செம்பில் மொள்ளும் தண்ணீரில் பாதிகூடத் தேவைப்படாது. பாட்டிலின் கழுத்தில் சிவப்பு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள், தவறிக்கூட யாரும் குடித்துவிடக் கூடாது. இரவில் தூக்கப்பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் காலையில் உறைந்திருக்காது. கழுவும் நீர் அந்தக் குழிக்குள்ளேயே விழ வேண்டும். ஓடையில் இறங்கிக் கழுவும் பழக்கத்தை உங்கள் குழுவில் ஒருவர்கூடச் செய்ய விடாதீர்கள்.

கைக்கு சானிடைசர் மட்டும் போதாது. நோரோவைரஸ் போன்ற வயிற்றுக் கிருமிகளுக்கு அது சரியாக வேலை செய்வதில்லை. குளியல் சோப்பை நகத்தளவு துண்டுகளாக நறுக்கி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுங்கள். சோப்பு நுரையும் ஓடைக்கு எழுபது காலடி தள்ளியே விழட்டும். மக்கும் சோப்பு என்று அட்டையில் போட்டிருந்தாலும் இதேதான்.

காகிதத்தை எரித்துவிடலாம் என்று சொல்பவர்கள் குழுவுக்கு இருவராவது இருப்பார்கள். 2015இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்சி நகரை ஒட்டிய குன்றுகளில், சைக்கிளில் போன ஒருவர் பயன்படுத்திய காகிதத்தை எரிக்கப் போய் 70 ஏக்கருக்கு மேல் எரிந்தது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நம் ஊர் மலையேற்றக்காரர்கள் 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். அந்தத் தீ வேறு விதமாக வந்தது. ஆனால் காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கி என்ன வேகத்தில் ஏறும் என்பதை உங்களில் பலர் அந்த நாள்களில் நெருங்கியவர்களின் வாயால் கேட்டிருக்கிறீர்கள். மலையில் காகிதத்துக்குத் தீ வைப்பதை ஒரு பேச்சாகக்கூட அனுமதிக்காதீர்கள்.

பெண்களுக்கான பொருள்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டியலில் அவை அறவே இல்லை. மறைவான இடம் கிடைக்காது என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நடக்கும் பெண்களை ஒவ்வொரு குழுவிலும் பார்க்கிறேன். தலைவலி, சிறுநீர்த் தொற்று, சோர்வு எல்லாம் அதிலிருந்தே தொடங்குகின்றன. ஒரு கறுப்புக் குடை இதில் பாதியைத் தீர்க்கும். விரித்துப் பாதைப் பக்கம் சாய்த்து வைத்தால் அதுவே சுவர். மழைக் கோட்டில் பொன்ச்சோ வகை வாங்கினால் அதுவே கூடாரம். நின்றபடி சிறுநீர் கழிக்க உதவும் சிலிகான் புனல்கள் இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. வீட்டுக் குளியலறையில் பழகிவிட்டு எடுத்து வரச் சொல்லுங்கள், மலையில் முதல்முறை வேண்டாம். அட்டையில் செய்த, ஒருமுறை பயன்படுத்தும் வகை மலிவுதான், ஆனால் ஒவ்வொன்றையும் சுமந்து திரும்ப வேண்டும். துடைக்க, பழைய பருத்தி வேட்டியில் கைக்குட்டை அளவு நாலு துண்டு. பையின் வெளியே ஊக்கில் குத்திவிட்டால் வெயிலில் காய்ந்துவிடும், மாலையில் அலசிக்கொள்ளலாம்.

மாதவிலக்கு நாள்களில் வந்தால் நாப்கினைப் புதைக்கவும் கூடாது, கழிவறைக் குழியில் போடவும் கூடாது. செய்தித்தாள், கறுப்புக் கவர், அதற்கு மேல் நான் முன்னே சொன்ன டேப் சுற்றிய ஜிப்லாக், அவ்வளவும் கீழே வர வேண்டும். கப் பயன்படுத்துபவர்களுக்கு வேலை சுலபம். குழியில் ஊற்றிவிட்டு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கழுவினால் போதும். சமையல் கூடாரத்தில் அந்தத் தண்ணீரைக் கேட்பதற்கு ஒரு பெண் கூச்சப்படாத அளவுக்குக் குழுவைப் பழக்குவது உங்கள் பொறுப்பு. முதல் நாள் மாலை எல்லோரையும் உட்கார வைத்து, ஆண் பெண் இருபாலருக்கும் சேர்த்து, இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். ஒதுங்கும் திசை பெண்களுக்கு இது, ஆண்களுக்கு அது என்று அப்போதே பிரித்துவிட்டால் பல தயக்கங்கள் அன்றைக்கே போய்விடும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒரு வார்த்தை. அகத்தியமலையிலும் நீலகிரியிலும் எழுபது காலடி என்ற கணக்கை விட யானையும் காட்டுமாடும் முக்கியம். தனியாக யாரும் போகக் கூடாது. வழிகாட்டி காட்டும் திசையில், இன்னொருவர் கூப்பிடு தூரத்தில் நிற்க, வெளிச்சம் இருக்கும்போது மட்டும். இரவு அவசரமென்றால் முகாமை ஒட்டியே முடித்து, விடிந்ததும் சரிசெய்துகொள்ளலாம். சோலைக்குள் இலைமக்கு ஆழமாக இருக்கும், தோண்டுவது எளிது; அட்டைகளுக்காகக் களைக்கொத்தோடு ஒரு உப்புப் பொட்டலமும் வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தராகண்டில் ஆலி, பேத்னி, பக்ஜி புல்வெளிகளைக் காக்கக் கேட்டுத் தொடுத்த வழக்கில், 2018 ஆகஸ்டில் அந்த மாநில உயர் நீதிமன்றம் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதையே தடைசெய்தது. அந்தப் புல்வெளிகள் வழியே போகும் ரூப்குண்ட் பாதை பலருக்கும் எட்டாமல் போனது அதன் பிறகுதான். இன்று திறந்திருக்கும் பாதைகள் நாளையும் திறந்திருக்கும் என்று உறுதி சொல்ல யாரும் இல்லை.

ஆகவே அடுத்த பருவத்துக்கான பட்டியல் போகும் முன் அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு இவற்றை எழுதுங்கள்: கூடாரத்துக்கு ஒரு களைக்கொத்து, ஆளுக்கு ஒரு துளை மூடி பாட்டில், சோப்புத் துண்டுகள், ஜிப்லாக் கவர் ஆறு, ஒரு சிறு பை சாம்பல், பனிக்காலமென்றால் மூடியுள்ள டப்பா. உடற்பயிற்சிக்காக நீங்கள் எல்லோரையும் கூட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில், மைதானத்தின் ஓரத்தில், ஒவ்வொருவரையும் ஒரு குழி தோண்டி மூடச் சொல்லுங்கள். இரண்டு பேர் கையால் சாண் போட்டு அளந்து பார்க்கட்டும். துளை மூடி எப்படிப் போடுவது என்று கேட்பவர்களுக்கு நானே வந்து செய்துகாட்டத் தயார். எந்த ஊர்க் குழு கூப்பிட்டாலும் வருகிறேன்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் ஒருத்தி